தட்டிப் பார்க்கிறவர்

சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது. ஆனாலும் ரயில் பெட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சக்கரத்தைத் தட்டினார்கள்.

ணங்.

கூட்டம் அப்போதுதான் சிரித்தபடியே வாசலைத் தாண்டிக் குடைகளை விரித்துக்கொண்டிருந்தது. யாராவது பின்தங்கி, கையில் கிடைத்த கம்பியால் விளையாடுகிறார்களோ என்று குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தாள். அந்தப் பக்கம் கால்கள் எதுவும் தெரியவில்லை. ஜல்லிக்கற்களும், கூரை ஒழுகித் தேங்கிய தண்ணீரும்தான். தண்ணீர் மட்டும் யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோல வட்டம் வட்டமாக அசைந்துகொண்டிருந்தது.

பழைய சரக்குக் கொட்டகையைத்தான் ரயில் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். தகரக் கூரை. சுவரோரம் சிக்னல் நெம்புகோல்கள், கைவிளக்குகள், சாயம்போன கொடிகள். நடுவே ஒரு துண்டுத் தண்டவாளத்தின் மேல் மரப்பெஞ்சு போட்ட மூன்றாம் வகுப்புப் பெட்டி. மழை நாளில் சாக்கும் மண்ணெண்ணெயும் கிரீஸும் சேர்ந்து நனைந்த ஒரு வாடை எழும். வேலை முடிந்து அப்பா வீட்டுக்குள் நுழையும்போது வருகிற அதே வாடை. இதை அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. இதே பாதையில் சக்கரம் தட்டுகிறவராக அவர் இருந்தார் என்பதையே சொன்னதில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு அவள் சொல்வது வேறு. நீளக் கைப்பிடி வைத்த சுத்தியலால் ஒரு சக்கரத்தைத் தட்டிக் காட்டுவாள். நல்ல சக்கரம் மணிபோல நீளமாகப் பேசும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று அதோடு அடங்கிவிடும். வண்டி நிற்கிற நேரத்துக்குள் ஒவ்வொன்றாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டபடி நகர வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கதைக்கு வருவாள்.

“இந்த லைன்லயே ஒருத்தர் இருந்தாருங்க. டமாரச் செவிடு. அவர் காதுக்கு எல்லாச் சக்கரமும் நல்ல சக்கரம்தான். ஒரு நாள் சரக்கு வண்டி கவுந்து சிமெண்ட் மூட்டை பூரா ஆத்துல. அன்னையிலேருந்து அங்க மீன் பிடிக்கத் தூண்டில் வேணாம், உளி போதும்னு சொல்வாங்க!”

சிரிக்காதவர்களே கிடையாது.

ஊர் அப்பாவுக்கு வைத்த பெயர் டமாரம். பள்ளிக்கூடத்தில் அவள் குட்டி டமாரம். காது மந்தம் என்று விசாரணையில் முடிவுகட்டி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்த விஷயத்தில் சொன்னது ஒன்றுதான்: “தட்டிப் பாத்தேம்மா. நல்லாத்தான் சொல்லுச்சு.” அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா தினமும் கேட்பாள். “இன்னைக்கு அப்பாவப் பத்திச் சொன்னியா?”

“சொன்னேம்மா.”

“என்ன சொன்னாங்க?”

“எல்லாரும் ரசிச்சுக் கேட்டாங்க.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அவளால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

இன்றைக்கு மழைக்கு ஒதுங்கியவர்களோடு அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்னால் நின்றாள். விசேஷத்துக்குக் கட்டுகிற புடவை. தலையை அழுந்த வாரியிருந்தாள். அவளைக் கண்டதும் மகள் கையிலிருந்த சுத்தியலைத் தாழ்த்தினாள். கதையை விட்டுவிட்டு நேரே கைவிளக்குகளுக்குப் போகப் பார்த்தாள்.

“என்னம்மா, டமாரத்த அம்போன்னு விட்டுட்டீங்க?” என்றார் காப்பாட்சியர், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்து. “அதுக்குத்தானே டிக்கெட்டே எடுக்கிறாங்க!”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ‘அந்த டமாரம்தான் என் அப்பா.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. கதையைத்தான் சொன்னாள். உளி வரைக்கும். கூட்டம் குலுங்கியது. பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்தி, அம்மாவும் சிரித்தாள். பிறகு மெல்லப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மழை வலுப்பதற்குள் போகிறேன், பூட்டிவிடுங்கள் என்று காப்பாட்சியரும் கிளம்பிவிட்டார்.

ணங்.

இப்போது அடுத்த சக்கரம்.

சுத்தியலைச் சுவரில் மாட்டிவிட்டு அவள் பெட்டிக்குள் ஏறினாள். வெளியே பகல் இன்னும் மிச்சமிருந்தது. உள்ளே ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர்போல இருட்டு நின்றது. அம்மா கைகளை மடியில் கோத்து, கடைசிப் பெஞ்சில் இருந்தாள்.

“அம்மா, அந்தக் கதை... கூட்டத்துக்காக...”

“நல்லாத்தான் சொன்ன. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.”

காது மடல் சுட்டது. பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. “வா, போலாம்,” என்றாள்.

“இருடி. இப்பதான் ஆரம்பிச்சிருக்கார். பாதியில எழுந்து போனா கோச்சுக்குவார்.”

“யாரு?”

அம்மா முந்தானையால் பெஞ்சைத் துடைத்து அவளுக்கு இடம் விட்டாள்.

ணங். மறுபடியும் நிசப்தம். தட்டும் சத்தத்தைவிட நடுவில் வந்த அந்த நிசப்தம்தான் நீண்டது. அதற்குள் யாரோ குனிந்து, தலையைச் சாய்த்து, சத்தம் கடைசி இழைவரை தேய்ந்து அடங்குவதைக் காத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலடி இல்லை. மூச்சு இல்லை. அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் முடிந்து, இந்தப் பக்கம் வந்து, அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழே ஒரு முறை அதிர்ந்தது. உள்ளங்கால் கூசியது.

சக்கரங்கள் முடிந்தன.

விட்டுவிடும் என்று நினைத்தாள். இல்லை. இரும்புத் தூண் ஒன்று பேசியது. கைவிளக்கின் கண்ணாடி மெலிதாகக் கிணுங்கியது. வாசல் கதவு. பிறகு படிக்கட்டு.

மண்ணெண்ணெய் வாடை பெட்டிக்குள் ஏறியது.

முதல் பெஞ்சு. இரண்டாவது பெஞ்சு. நடைவழியில் யாரும் இல்லை. மரம் மட்டும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. இறங்கி ஓட வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள், டாக்டருக்கு முன்னால் உட்காருகிற மாதிரி.

ணங்ங்.

அம்மாவின் உடம்பிலிருந்து வந்தது அது. ஜன்னல் கம்பிகள் சிலிர்க்கும்படி, நீளமாக, கலங்காமல். அம்மா வெட்கப்பட்டதுபோல ஆளில்லாத நடைவழியைப் பார்த்துச் சிரித்தாள்.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். இவளப் பாருங்க.”

மகள் எழுந்தாள். முதுகு சுவரில் இடித்தது. நெஞ்சுக் குழியில் வட்டமாக, சில்லென்று, இரும்பு பட்டது.

டொக்.

அவ்வளவுதான். எதிரொலி இல்லை. செத்த சத்தம்.

ஏதோ ஒன்று அவள் நெஞ்சருகே குனிந்தது. நரைமயிர் கழுத்தில் குத்தியது. ஈரமான ஒரு காது, ரவிக்கையின் மேல். கேட்டது.

“அப்பா,” என்றாள். “நான்தாம்பா. உங்க பொண்ணு.”

கொட்டகை முழுவதும் கேட்டிருக்கும். அதற்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தது. தயங்கியது. தன் காதை நம்பாதவர் தயங்குகிற தயக்கம்.

டொக். முன்னதைவிடப் பலமாக.

அவள் மடங்கப் பார்த்தாள். அம்மா இரண்டு தோளையும் பிடித்து அவளை நேராக நிறுத்தினாள். அழுத்திப் பிடித்தாள். குரலில் கோபமே இல்லை.

“அசையாம நில்லுடி. அவருக்குத்தான் சரியாக் கேக்காதே. கேக்குற வரைக்கும் தட்டட்டும்.”

டொக்.

உள்ளே ஏதோ முறிந்தது. வாயில் உப்புக் கரித்தது. அந்தக் காது மறுபடியும் அவள் நெஞ்சின் மேல் சாய்ந்தது. அவசரமில்லாமல் கேட்டது. பிறகு விலகி இடம் விட்டது, கை ஓங்குவதற்கு.