கொழும்பு போதும்

புட்டுக்குழலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. ஜிஷா எட்டிப் பார்த்தாள். நாத்தனார் அஞ்சலி! குழித்துறையிலிருந்து பூதப்பாண்டிக்குக் காலை ஏழரைக்கு வந்து சேர வேண்டுமானால் ஆறு மணிக்கே புறப்பட்டிருக்க வேண்டும். ஆறு மணிக்கு அஞ்சலி கண் விழிப்பதே அபூர்வம். விஷயம் தெரிந்துவிட்டது...

"எங்க அவ?" அஞ்சலி செருப்பைக் கழற்றாமலே அடுக்களை வரை வந்தாள். "எங்க அம்மைக்க பேர வெட்டுகதுக்கு நீ யாருட்டி?"

"மைனி, முதல்ல இரிங்கோ... சாயா போடுகேன்."

"உன் சாயா ஒண்ணும் வேண்டாம்!"

அஞ்சலியின் கணவர் குழித்துறை சந்தையில் மொத்த வியாபாரி. அங்குள்ள வியாபாரிகள் குடும்பம் குடும்பமாக வெளிநாடு போவதாக ஏற்பாடு. நாற்பது பேர். ஆறே நாளில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றையும் பார்த்துவிட்டு வந்துவிடுவார்களாம். ஊரைப் பார்க்கப் போகிறார்களா, தொட்டுவிட்டு ஓடி வரப் போகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. அறுபத்தொன்பது வயதில் முதல்முறை விமானம் ஏறப்போகும் தன் தாய் செல்லக்கனியின் பெயரையும், துணைக்கு ஜிஷாவின் பெயரையும் அஞ்சலிதான் அதில் சேர்த்திருந்தாள். போன வாரம் ஜிஷா ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு இரண்டு பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பதில் மாமியாரைக் கொழும்புக்குக் கூட்டிப் போவதாக முடிவு. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். கடற்கரையோரம் ஒரே வீட்டில் ஐந்து நாள். அலைச்சல் இல்லை.

"சிங்கப்பூருக்கு விடாம கொழும்புக்குக் கொண்டு போறாளாம்! அதுக்குப் பேரு வெளிநாடா? நம்ம மொட்டை மாடியில நின்னு கூவினா அங்க கேக்கும்!"

"மாமிக்கு ஓட்டம் ஆகாது மைனி. மெள்ளப் போயி மெள்ள வரலாம்னு..."

"யாருக்கு ஆகாது? எங்க அம்மைக்கா? போன மாசி கொடைக்கு மண்டைக்காட்டு அம்மன் கோயில்ல காலையில இருந்து சாயங்காலம் வரை நின்னா! நீ பாட்டில் தண்ணிய மேல கொட்டி நனைச்சும் ஒரு வார்த்தை சொல்லல, பாவம்!"

ஜிஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்ல வாய் துடித்தது. ஆனால் சொல்ல முடியாது. சத்தியம் செய்திருக்கிறாளே!

அன்று மண்டைக்காட்டிலிருந்து திரும்பும்போது வேன் கூட்டத்தில் மாட்டி இரண்டு மணி நேரம் நகரவில்லை. இறங்கும்போது மாமியாரின் முகத்தைப் பார்த்தாள் ஜிஷா. பிறகு சேலையைப் பார்த்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த செல்லக்கனி, கஞ்சி போட்ட சேலையில் ஒரு சுருக்கம் விழ விடாதவள், முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு நின்றாள். ஜிஷா யோசிக்கவில்லை. கையிலிருந்த பாட்டிலைத் திறந்து மாமியார் மேலும் தன் மேலும் கொட்டினாள். "அய்யோ, மூடி கழண்டு போச்சு!" என்று கத்தினாள். எல்லார் முன்னாலும் அஞ்சலி அவளைத் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் செல்லக்கனி துணி துவைக்கும் கல்லருகே வந்து மருமகளின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணு மக்ளே. எம் மவன் பிரசாதுக்குத் தெரியப்படாது. அஞ்சலிக்குத் தெரியவே படாது. மூணு வருசமா இருக்கு... தும்முனா, இருமுனா, கொஞ்சம் தாமதிச்சா போதும். நாணக்கேடு மக்ளே!"

அதற்குப் பிறகுதான் சிங்கப்பூர் பேச்சு வந்தது. பயண நிரலில் மூன்றாம் நாள் ஆறு மணி நேர பஸ் பயணம். அதைக் கேட்ட நாளிலிருந்து செல்லக்கனி மத்தியானம் வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். உதடு வெடித்திருந்தது. கேட்டால், "பயணத்துக்குப் பழகுகேன் மக்ளே" என்றாள். அன்றுதான் ஜிஷா ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டாள். கல்லூரி நாளிலிருந்து அவளுக்கும் சிங்கப்பூர் ஆசை உண்டு. பாஸ்போர்ட் வந்த அன்று அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவள் அவள். அந்த ஆசையை எடுத்து ஓரமாக வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஜிஷாவின் கணவன் சிவபிரசாத் கீரிப்பாறை ரப்பர் தோட்ட அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டு பெண்கள் குரல் உயர்த்தினால் அவனுக்கு உடனே பைக்கைத் துடைக்கிற வேலை வந்துவிடும். இன்று அக்கா விடவில்லை.

"லே, இங்க வா! உன் பெண்டாட்டி வாயத் திறக்க மாட்டேங்கா. நீ கேளு!"

துணியும் கையுமாக வந்து நின்றான். "என்ன ஜிஷா, காரணத்தச் சொல்லேன்..."

"எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

"உனக்குப் பிடிக்கலன்னா அம்மை போகப்படாதா?" அவன் குரல் மாறியது. "அம்மைய பாத்துக்கிடுகது உனக்குப் பாரமா இருக்குன்னா நேரா சொல்லு."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம்! அஞ்சலி திட்டியது தோளுக்கு மேலே போனது. இது நெஞ்சுக்குள்ளே இறங்கியது. கண்ணில் நீர் முட்ட, ஜிஷா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்தியா, முகத்தத் திருப்புகா!" என்றாள் அஞ்சலி. "அம்மை செத்தா அழுகதுக்கு நான் வேணும், உயிரோட இருக்கும்போ முடிவெடுக்க இவளா? நான் அம்மைய இப்பமே குழித்துறைக்குக் கொண்டு போறேன். இனி இந்த வீட்டுல விட மாட்டேன்!"

அறைக்குள் போய்ப் பெட்டியை இழுத்துச் சேலைகளை அதில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செல்லக்கனி நிமிர்ந்தாள். அறை வாசலில் ஜிஷா, வேண்டாம் மாமி, சொல்லாதீங்கோ என்று தலையை அசைத்தாள். கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் செல்லக்கனியால் முடியவில்லை.

"ஏட்டி, பெட்டிய கீழ வை."

"நீ சும்மா இரும்மா..."

"கீழ வைன்னேன்!" சத்துணவுக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் அது. அஞ்சலி கையை எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணுக்கு நிக்காதுட்டி. மண்டைக்காட்டுல சேலை நனைஞ்சது தண்ணியில இல்ல. ஊரு பாக்கப்படாதுன்னு இவ தன் மேலயும் கொட்டிக்கிட்டா. நீ திட்டினத வாங்கிக்கிட்டு வாயத் திறக்கல. நாப்பது பேருக்கு நடுவுல, உன் மாப்பிள்ளைக்க ஆளுவ முன்னால, ஆறு மணிக்கூர் பஸ்ஸுல நான் எப்பிடி இருப்பேன்? என் மானத்த இவ காப்பாத்துனா... நீங்க ரெண்டு பேரும் கூடி இவ மானத்த வாங்குதிய!"

சிவபிரசாத் தரையைப் பார்த்தான்.

"நீ எதுக்குலே தலைய குனியுக? ரெண்டு வயசு வரை உன்னால என் மடி ஒரு நாளும் காஞ்சதில்ல. நான் குனிஞ்சனா? போயி அவகிட்ட மன்னிப்புக் கேளு!"

அஞ்சலி சேலைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் விசும்பினாள். பிறகு பெரிதாக அழுதாள். அழுகைக்கு நடுவே ஏதோ சொன்னாள். யாருக்கும் புரியவில்லை.

"என்னட்டி?"

"எனக்கும் உண்டும்மா..." என்றாள் அஞ்சலி. "சின்னவ பிறந்ததுல இருந்து. தும்மல் வந்தா காலை இறுக்கிக்கிட்டு நிப்பேன். அவருக்கே தெரியாது."

"பின்னே நீ எப்பிடிட்டி அந்த பஸ்ஸுல ஆறு மணிக்கூர்...?"

"தண்ணி குடிக்காம சமாளிச்சிரலாம்னு..."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செல்லக்கனிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். அஞ்சலி எழுந்து வந்து ஜிஷாவைக் கட்டிக்கொண்டாள்.

"பாவி நான்... என்னல்லாம் பேசிட்டேன்! மன்னிச்சிருட்டி..."

"விடுங்கோ மைனி." ஜிஷா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கொழும்புக்கு உங்களுக்கும் சேத்து மூணு டிக்கெட் போடட்டா?"

கதவோரம் நின்ற சிவபிரசாத், "ஜிஷா, நான் தெரியாம..." என்று இழுத்தான். "பாரமான்னு கேட்டியளே, அத ஒரு வருசம் சொல்லிக் காட்டிக்கிட்டே இருப்பேன்" என்றாள் அவள். சொல்லும்போதே அவள் முகம் தெளிந்துவிட்டது.

அடுத்த வாரம் மூன்று பேரும் நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குத்தான் அவர் தாயையும் மகளையும் திட்டினார். மற்றபடி இது நிறையப் பேருக்கு உள்ளதுதான், மறைத்து வைக்கிற காரியமே இல்லை என்று சொல்லிப் பயிற்சியும் மருந்தும் கொடுத்தார்.

கொழும்பு விமானம் மேலே ஏறி, பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்ததும் செல்லக்கனி பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றாள். ஜிஷா சொல்லி வாங்கிய நடைபாதையோர இருக்கை அது. இறங்கவோ இன்னும் அரை மணி நேரம்தான்.

"ஏட்டி அஞ்சலி, நான் ஒண்ணுக்குப் போறேன். நீ வாறியா?"

பழைய சத்துணவுக்கூடக் குரல். முன்னால் இருந்த நான்கு வரிசையும் திரும்பியது. அஞ்சலி முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் எழுந்துவிட்டாள். ஜிஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"மாமி, மெள்ள... எல்லாரும் பாக்காவ."

செல்லக்கனி முந்தானையைச் சரிசெய்தாள்.

"பாக்கட்டும் மக்ளே" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.