முதல் பெஞ்சு, ஜன்னலோரம்

படிவத்தில் 'ரா' என்று எழுதினாளோ இல்லையோ, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தப் பேரை எழுதாதீங்க..."

ஏஞ்சலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழையில் கரண்ட் போய், கும்மிடிப்பூண்டி காலேஜின் நீள வராண்டாவில் பட்டப்பகலிலேயே இருட்டு. இத்தனை நேரம் யாருமில்லை. இப்போது ஒருத்தன் நிற்கிறான், தலையெல்லாம் சொட்டச் சொட்ட. ஐயோ, அந்தக் கண்கள்... பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவள் கையில் இருந்தது கணக்குப் பாடத்துக்கு எந்த ஆசிரியர் வேண்டும் என்று எழுதித் தரவேண்டிய படிவம். நாலு மணிதான் கெடு. ஏற்கெனவே ஒரு அரியர். இன்னொன்று விழுந்தால் படித்தது போதும், தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கு வேலைக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டார்.

"ராஜமாணிக்கம் சாருக்கு இன்னா? அட்டெண்டன்ஸே கேக்க மாட்டாரு."

"பாடமும் எடுக்க மாட்டாரு. பரீட்சை அன்னிக்குத்தான் தெரியும். விக்டோரியா மேடத்தை எழுதுங்க. திட்டுவாங்க... ஆனா புரியலன்னா சாயந்தரம் கூட உக்காந்து சொல்லித் தருவாங்க. முதல் பெஞ்சு, ஜன்னலோரம். என் எடம் அது. பாதியில போவ வேண்டியதாயிடுச்சு."

"உங்களைக் கேட்டனா? வேலையைப் பாத்துகினு போங்க!"

முறைத்துவிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தால் ஆளைக் காணோம். காலடிச் சத்தம்கூட இல்லை. தரையில் ஈரம் மட்டும்.

வீம்புக்கென்றே ராஜமாணிக்கம் என்று எழுதி முடித்து, ஆபீஸில் நீட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். எதிர்ச்சுவரில் ஒரு பழைய போஸ்டர். மேலே 'கண்ணீர் அஞ்சலி.' நடுவில் மழைக்குக் கிழிந்து தொங்கியது. அடியில்... அதே முகம். அதே கண்கள். ஜெரால்ட் என்று பெயர்.

ஆபீஸுக்கே திரும்பி ஓடினாள். ஆபீஸ் அக்கா கத்தக் கத்த, பெயரை அடித்து விக்டோரியா என்று எழுதினாள். செத்தவன் பேச்சைத் தட்ட யாருக்குத் தைரியம் வரும்?

வகுப்பு தொடங்கியது. ஜன்னலோரப் பெஞ்சில் 'ஜெரால்ட்' என்று காம்பஸால் கீறியிருந்தது. விரலை வைத்தால் சில்லென்றது. பக்கத்தில் யாரையும் அவள் உட்காரவிடவில்லை. மேடம் திட்டினார், கூடவே உட்கார்ந்து சொல்லியும் தந்தார். முதல் டெஸ்டில் பாஸ்! பேப்பரைக் காலி இடத்திடம் காட்டிச் சிரித்தாள். ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுதாள். பைத்தியமே, செத்துப்போனவன் மேலயா மனசை வைப்ப?

மறுபடி ஒரு மழை நாள். கரண்ட் போனது. பெஞ்சு லேசாக அமுங்கியது. பக்கத்தில் ஈரத் துணி வாசனை...

"என் எடம்தான்... பரவால்ல, நீயே இருந்துக்க."

கத்த வாயைத் திறந்தாள்.

"வந்துட்டியா ஜெரால்ட்?" என்றார் மேடம், கரும்பலகையிலிருந்து திரும்பி. "ஒருவழியா மறுபடி சேத்துக்கினாங்களா?"

மேடத்துக்கும் தெரிகிறானா!

"நீ... அந்த போஸ்டர்..." என்று அவன் பக்கம் திரும்பினாள்.

"அதுவா? எங்க நைனாவுது. அவரு பேரு ஆசீர்வாதம். நடுவுல அவரு படம், அடியில மகன்னு என் படம். அவரு போனப்புறம் கம்பெனி வேலைக்குப் போய்ட்டேன். அன்னிக்கு மறுபடி சேரத்தான் வந்தேன். செருப்பு அறுந்துபோச்சு, கையில புடிச்சிகினு ஓடினேன்." சிரிக்கப் போனவன், அவள் கண்ணில் நீரைப் பார்த்து நிறுத்தினான். "எனக்காவா அழுவுற?"

"ஒரு மாசமா... டெய்லி. நீ இல்லன்னு நெனச்சப்பவே உன்னைப் புடிச்சுது. இப்ப இருக்க... இன்னும் புடிக்குது. போதுமா?"

"நைனாவுக்கு அப்புறம் எனக்காக யாரும் அழுததில்ல ஏஞ்சலின்..." அவள் நோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த டெஸ்ட் பேப்பரில் பெயரைப் பார்த்திருக்கிறான், திருடன்!

பெஞ்சில் கிடந்த அவன் கையைப் பயந்து பயந்து தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. மேடம் பார்த்துவிட்டார். அப்போதும் அவள் கையை விடவில்லை.