ஏழு எண்ணுவதற்குள்

கோழிகள் தீவனத்தை விட்டுவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, கொட்டகையிலிருந்த நானூறும். பருந்து வட்டமடித்தால் கோழி அப்படித்தான் பார்க்கும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கொட்டகைக்கு மேலே தென்னங்கீற்றுக் கூரை இருந்தது. கீற்றுக்குக் கீழே நிற்கிற கோழிக்கு வானம் எங்கே தெரியும் என்று மருதாசலம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவன் காதில் அந்தச் சத்தம் விழுந்தது.

போத்தலுக்குள் அடைத்த குளவி மாதிரி ஒரு ரீங்காரம், உச்சி வெயிலில், எங்கோ வெகு உயரத்தில், பெரிய வட்டமாகப் போய், ராசிபுரம் ரோட்டுப் பக்கம் தேய்ந்து, செத்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் திரும்பி வந்தது. அண்ணாந்து பார்த்தான். கண்ணைக் கூசுகிற வெயில் தவிர வேறொன்றும் இல்லை.

அவனுக்குத் தெரியாத சத்தமா அது? ஐந்து வருஷம் அதோடு குடும்பம் நடத்தியவன். லாரிக்கு பாடி கட்டுவதில் நாமக்கல்லிலேயே கைதேர்ந்தவன் என்று யாரோ சொல்லி, எண்பத்தொன்றில் பெங்களூர்ப் பக்கத்து ஆபீஸ் ஒன்றிலிருந்து இன்ஜினியர் தீர்த்தகிரி அவனைத் தேடி வந்தார். சிப்பாய் ஒருவன் முதுகில் சுமந்து போகிற பெட்டி. அதற்குள் றெக்கை மடித்த குட்டி விமானம். ஏவிவிட்டால் மேலே போய்ச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். எதிரியின் ஜீப் ஸ்டார்ட் ஆனதும் அதன் தலையில் விழுந்து வெடிக்க வேண்டும். இதுதான் வேலை.

“பறக்கறது பெரிய விஷயம் இல்ல, மருதாசலம். பொறுமையா காத்திருக்கணும். அதான் இதோட சாமர்த்தியம்” என்பார் தீர்த்தகிரி.

மொபெட் போனால் வீட்டு ரேடியோ கரகரக்குமே, பெட்ரோல் இன்ஜினின் பிளக் தெறிக்கிற அந்தக் கரகரப்புதான் அதற்கு மோப்பம். அதைப் பழக்க ஒரு பெட்ரோல் வண்டி வேண்டும். நாமக்கல்லில் லாரி டீசல், டிராக்டர் டீசல், தீர்த்தகிரியின் ஆபீஸ் ஜீப்கூட டீசல். கிணற்று மோட்டார் கரண்டில் ஓடுகிறது. பட்டறைக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரே பெட்ரோல் வண்டி, மருதாசலத்தின் பெண்டாட்டி சௌந்திரம் சந்தைக்கு முட்டை கொண்டுபோகிற மொபெட். மூன்று மாதம் அதை ஓடவிட்டு ஓடவிட்டுத்தான் பழக்கினார்கள்.

விழுவதற்கு முன்னால் இன்ஜினை அதுவே நிறுத்திக்கொள்ளும், கீழே இருப்பவனுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று. அது மருதாசலம் செய்த ஏற்பாடு. சத்தம் நின்றால் ஏழு எண்ணுவதற்குள் தரையில் இருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன மாதம், வெடிக்குப் பதில் ஒன்றரைக் கிலோ மணலை மூக்கில் அடைத்து, காய்ந்த கரட்டுக் காட்டில் ஏவினார்கள். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வாடகைக்கு வரவழைத்த பெட்ரோல் ஜீப் கீழே உறுமிக்கொண்டு நின்றது. அது ஜீப்பைச் சட்டையே செய்யவில்லை. நாற்பது நிமிஷம் சுற்றிவிட்டு, எண்ணெய் தீர்ந்து, வெள்ளியங்கிரிக் கவுண்டர் கிணற்றில் போய் விழுந்தது.

“உங்க வீட்டு மொபெட்ட தவிர உலகத்துல வேற வண்டியே இல்லன்னு நெனச்சிடுச்சு போல” என்று தீர்த்தகிரி சிரித்தார். சிரித்த முகத்தோடேயே வேலையை மூடிவிட்டுப் போனார். கிணற்றிலிருந்து எடுத்ததைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஆள் வந்து வாங்கிப்போகும் வரை வைத்திருக்கச் சொன்னார்.

இப்போது அந்தச் சத்தம்.

மருதாசலம் பட்டறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பாசி நாற்றம். உடைந்த றெக்கை இருந்தது. துருப்பிடித்த இன்ஜின் இருந்தது. மூக்கை அழுத்தினால் ஈர மணல் விரலில் ஒட்டியது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கும்போது தலைக்கு மேலே அது ஒரு வட்டம் போய் வந்தது.

அன்றைக்கே மொபெட்டின் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“பிளக் போயிருச்சு. சேலத்துல இருந்து வரோணும்.”

“உங்க பட்டறைல இல்லாத பிளக்குங்களா?” என்றாள் சௌந்திரம்.

வெளியே சொல்லமாட்டேன் என்று ஆபீஸில் கையெழுத்துப் போட்டவன். சொன்னாலும், உடைந்து பெட்டியில் கிடப்பது மேலேயும் பறக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஒன்பது நாள் அவள் முட்டைத் தட்டுகளைத் தலையில் சுமந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஒன்பது நாளும் அவனுக்குத் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. பயம்கூடப் பழகி, வெறும் அசதியாகிவிட்டது. விழுந்து தொலைந்தால்கூடத் தேவலை என்று ஒரு தரம் தோன்றி, தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தான்.

“உனக்குச் சத்தம் ஏதாச்சும் கேக்குதா புள்ள?”

“முட்டி தேயற சத்தந்தானுங்க கேக்குது. நாளைக்கும் நடக்கச் சொன்னீங்கன்னா, ஊட்டுல ஒரு சத்தம் கேக்கும் பாருங்க.”

அவள் மேல் அவனுக்கு இரக்கம் பொங்கியது. இன்று ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, சிரித்தால் சிரிக்கட்டும், மொபெட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். மனம் கொஞ்சம் லேசானது. மத்தியானம் கோழிக்கொட்டகை ஓரத்தில் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவன், ஒன்பது நாள் கழித்து முதல்முறையாகக் கண்ணயர்ந்துவிட்டான்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எதிரே சுவரோரம் வெறுமையாக இருந்தது. எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது. மொபெட் இல்லை.

கொட்டகை வேலைக்கு வருகிற உண்ணாமலை, தீவனம் அள்ளிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள். “அக்கா தள்ளிட்டுப் போனாங்க. நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்பாதேன்னாங்க. பஸ் ஸ்டாப் மெக்கானிக்குகிட்ட புது பிளக் போட்டு ஓட்டிட்டே வாரேன்னாங்க.”

சட்டைப் பையைத் தடவினான். பழைய பிளக் பத்திரமாக இருந்தது.

மேலே சத்தம் வட்டமாகத்தான் இருந்தது. இன்னும் வட்டம்தான். ரேடியோவில் யாரோ உழவர்களுக்கு உரம் போடுவதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பேச்சின் நடுவே லேசாகக் கரகரத்தது.

பிறகு நன்றாகக் கரகரத்தது.

ஓடினான். செருப்பில்லை. முள் குத்தியது. பின்னால் நானூறு கோழிகளும் ஒரே நேரத்தில் தரையோடு தரையாகப் படுத்தன. மேலே வட்டம் சின்னதாகியது. இன்னும் சின்னதாகியது. இரு பக்கமும் வேலி அடைத்த இட்டேரித் தடத்தின் முனையில் புழுதி. மொபெட். பின்னால் காலி முட்டைத் தட்டுகள். சௌந்திரம்.

“நிறுத்து! புள்ள, வண்டிய நிறுத்து!”

இன்ஜின் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும். ஒன்பது நாளாகச் சிரிக்காத மனுசன் தன்னைப் பார்க்க இப்படி ஓடிவருகிறாரே என்று, வாயெல்லாம் பல்லாக, ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

மேலே சத்தம் நின்றது.

ஒன்று.

இரண்டு.

அவன் கை காட்டினான், கத்தினான், விழுந்து எழுந்தான்.

நான்கு.

ஏதோ ஒரு சத்தம் நின்றுபோனதைக் கேட்டவள் போல, ஓடுகிற வண்டியிலிருந்தபடியே சௌந்திரம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தாள்.