ஜென்சி போன ஒரு சுற்று

ஜென்சிக்கு ஒரு பழக்கம். கணக்கு வரவில்லை என்றால் பென்சிலைக் கீழே வைப்பாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, தெருவை ஒரு சுற்று சுற்றி, பின்தெரு வழியாக வீட்டுக்குத் திரும்புவாள். போகும் வழியெல்லாம் வேடிக்கைதான்.

"கணக்கு நோட்டுலதானே இருக்கு? தெருவுலயா கொட்டிக் கிடக்கு?" என்று அம்மா செல்வமேரி கிண்டல் செய்வார். ஆனால் திரும்பி வந்ததும் கணக்கு எப்படியோ வந்துவிடும்.

மேடவாக்கத்தில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அன்று காலை குழாய்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒருவழியாகத் தண்ணீர் லாரி வந்து வாசலில் நின்றது. கட்டடத்தின் பின்மூலையில்தான் தண்ணீர்த் தொட்டி. பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் எப்போதும் லாரியின் குழாயை இழுத்துப் போவார்கள்.

அந்தச் சந்தில்தான் தெருநாய் பிஸ்கட் முந்தின நாள் இரவு குட்டி போட்டிருந்தது. யாராவது கிட்டே போனால் பல்லைக் காட்டி உறுமியது.

"சீக்கிரம் சொல்லு சார். அடுத்த லோடு வெயிட்டிங்ல கீது," என்றார் லாரி ஓட்டும் குப்பன் அண்ணன்.

கட்டடச் செயலாளர் டேனியல் அங்கிள் கையைப் பிசைந்தார். "வேற வழியில்ல. ஒரு கட்டை எடுத்துட்டு வாங்க, விரட்டிடலாம்."

ஜென்சி சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தக் குட்டிகளுக்கு இன்னும் கண்ணே திறக்கவில்லை.

"அங்கிள், கொஞ்சம் இருங்க. ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்," என்று ஓடினாள்.

"இப்பவுமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பின்தெருவில் லோகநாதன் மாமாவின் காலிமனை இருந்தது. ஓரமாக ஒரு முருங்கை, நாலைந்து வாழை. வாழை இலைகள் வெயிலில் துவண்டு தொங்கின. அதற்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு மேலே தெரிந்தது ஜென்சி வீட்டுக் கட்டடம். அப்படியானால் தொட்டி மதிலை ஒட்டி அந்தப் பக்கம்தானே இருக்கும்?

லோகநாதன் மாமா மனையின் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, தண்ணி லாரி கொஞ்ச நேரம் உங்க மனையில நிக்கலாமா?"

"போன வாரம் எவனோ கேக்காம காரை வுட்டுட்டுப் போனான். இன்னிக்கு லாரியா? அதெல்லாம் முடியாது."

ஜென்சி பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அவள் வாழையைப் பார்த்தாள். லாரி வரும்போதெல்லாம் பார்க்கும் இன்னொன்று ஞாபகம் வந்தது. "மாமா, குழாயைச் சுருட்டும்போது அதுல மிச்சம் இருக்கிற தண்ணியைத் தெருவுலதான் கொட்டறாங்க. ஒரே சேறு. அதை இனிமே உங்க வாழைக்கு விடச் சொல்றேன்."

லோகநாதன் மாமா வாழையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கேட்டுட்டு வந்தது நீ ஒருத்திதான். வரச் சொல்லு," என்று எழுந்து கதவைத் திறந்தார்.

லாரி சுற்றி வந்தது. குழாய் மதில் மேல் ஏறி, நேராகத் தொட்டிக்குள் இறங்கியது. சந்தில் பிஸ்கட் நிம்மதியாகக் குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பாப்பா, இத்தினி நாளா வந்துகினு கீறேன், இந்த வழி எனக்கே தெரியலையே," என்றபடி குப்பன் அண்ணன் மிச்சத் தண்ணீரை வாழைக்கு விட்டார். டேனியல் அங்கிள் கட்டையை யாரும் பார்க்காமல் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் யோசித்தபடி நின்றார். "ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கறதுன்னே தெரியலையே."

கொஞ்ச நேரம் கழித்து, செருப்பைத் தேடினார்.

"ஏம்மா, குழம்பு அடுப்புலதானே இருக்கு? தெருவுலயா கொட்டிக் கிடக்கு?" என்றாள் ஜென்சி.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது அவர் கையில், லோகநாதன் மாமா பறித்துக் கொடுத்த முருங்கைக்காய் ஒரு கட்டு இருந்தது.