பார்க்காமல் போட்ட கையெழுத்து

மேசைமேல் பதினொரு மருந்துச் சீட்டுகள் இருந்தன. வெளியே ஒரு பிள்ளைகூட இல்லை.

"இன்னிக்கு ஆளே வரலை சார். அந்தச் சீட்டெல்லாம் நான் வைக்கவும் இல்லை," என்ற உதவியாள், மழை பிடிப்பதற்குள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மணி ஆறுதான்.

டாக்டருக்கு ஊரில் 'கப்சிப் டாக்டர்' என்று பெயர். வகுப்பில் உட்காராத பிள்ளை, தூங்காத பிள்ளை, கேள்வி கேட்டே உயிரை வாங்கும் பிள்ளை, யாராக இருந்தாலும் ஒரே மாத்திரை. பெரியவர்களின் மனநோய்க்கென்று வந்தது அது. பிள்ளைகளின் சேட்டைக்குக் கொடுக்க எவரும் அனுமதித்ததில்லை. பாதி ஆளுக்குப் பாதி மாத்திரை, அவ்வளவுதான் அவர் வைத்தியம். முதல் தடவை மட்டும் பிள்ளையைப் பார்ப்பார். அப்புறம் பெற்றவர்கள் சீட்டை உள்ளே அனுப்பினால் போதும், தலை நிமிராமல் 'தொடரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். கெட்டிக்காரர்தான்!

பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்தார். முதல் சீட்டில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. அவருடையதே. எல்லாமே ஒரே பிள்ளையின் சீட்டுகள். பெண் பிள்ளை, வயது எட்டு. ஓரத்தில் அம்மாவின் குண்டு எழுத்து: 'கழுத்து ஒரு பக்கமாத் திருகிக்குது. ஒரு தடவை பாருங்க.' அதன்கீழே, தொடரவும். அடுத்ததில்: 'கண்ணு மேல சொருகிக்குது. வாசல்லதான் உக்காந்திருக்கோம்.' தொடரவும்.

அந்தப் பிள்ளை செத்து நாற்பது நாளாகிறது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. செய்தி கேட்டதும் அவர் செய்த முதல் காரியம், அலமாரியில் இருந்த இந்தச் சீட்டுகளைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டதுதான். படுபாவி. இப்போது அவற்றில் ஒரு மடிப்புகூட இல்லை.

மழைச் சத்தத்துக்கு நடுவே, கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சு மெல்லக் கிறீச்சிட்டது; எண்ணெய் வைத்துப் பின்னிய குழந்தைத் தலையின் வாடை, வெதுவெதுப்பாக, கதவிடுக்கு வழியாக ஊர்ந்து வந்து அவர் மூக்கருகே நின்றுகொண்டது.

"யாரு?"

"மெதுவாப் பேசுங்க சார். பிள்ளை தூங்குது." அம்மாவின் குரல்.

"அம்மா, அது விதிம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"பாத்திருக்கலாம்ல?"

ஓடிவிட வேண்டும். பின்கதவு நாலே எட்டுதான். எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவதற்குக் கால் வரவில்லை. கட்டையாக நின்றது. கத்தப் பார்த்தார், நாக்கு தடித்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டது. கழுத்து, அவரைக் கேட்காமலே, இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். நிற்கவில்லை. நரம்பு ஒவ்வொன்றாகத் தெறித்தது.

மல்லாக்க விழுந்தார். ஐயோ என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

இந்த நோவு என்னவென்று அவருக்குத் தெரியும். எந்த மாத்திரை இதைக் கொண்டுவரும் என்றும் தெரியும். அவர் எதையும் விழுங்கவில்லை.

கடைசியாகக் கண். மூடப் பார்த்தார். முடியவில்லை. கருவிழி இரண்டும் மேலே ஏறின. கூரைக்கு.

அங்கே அந்தப் பிள்ளை, கூரையோடு வயிறு ஒட்டிப் படுத்திருந்தாள். குப்புற. கழுத்து திருகி, முகம் மட்டும் அவரை நோக்கி.

"நல்லாப் பாருங்க சார்," என்றது கதவுக்கு வெளியிலிருந்த குரல். "அவசரமே இல்லை."

பிள்ளை வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி, மூட முடியாத அவர் கண்ணுக்குள் சொட்டியது. அந்த நூலைப் பிடித்தபடி அவளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.