ஆவுளியா இருக்கும் இடம்

“அதோ! குட்டியோட இருக்கு!”

பெனாசிர் துள்ளிய துள்ளலில் படகே ஆடியது.

பாக் விரிகுடாவில் கடல்பசுவைத் தேடித்தான் அவர்கள் புறப்பட்டிருந்தார்கள். ஆவுளியா என்பார்கள் அந்தக் கரையில். கணக்கெடுப்புக்கு ட்ரோன் பறக்கவிடுபவள் பெனாசிர். உடன் வந்தவன் ஆய்வு மாணவன் அமல். படகு முனியசாமியுடையது. அலைந்து அலைந்து முகமெல்லாம் உப்புப் பூத்த பிறகு, இதோ திரையில், கடற்புல்லுக்கு மேலே தாயும் குட்டியும்!

சந்தோஷம் தாங்காமல் ஒரு சின்ன வீடியோவை இணையத்தில் போட்டாள். ஊர்ப்பெயர் போடவில்லை. மூவரும் பக்கத்து மணல்திட்டில் இறங்கிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

போனைப் பார்த்த அமல் வாயிலிருந்த சோற்றை விழுங்கவே மறந்தான்.

“பெனா... வீடியோ மூலையப் பாரு.”

அட்சரேகை, தீர்க்கரேகை! ட்ரோன் திரையின் எண்கள் அப்படியே பதிவாகியிருந்தன. கீழே யாரோ எழுதியிருந்தார்: ‘இடம் கிடைச்சாச்சு. கிளம்பிட்டோம்!’

பெனாசிர் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். “நானே... நானே வழி காட்டிட்டேனா?”

“ஏறு தாயி! அழுவுறத அப்புறம் பாத்துக்கலாம்!” முனியசாமி நங்கூரத்தை இழுத்தார்.

தாயையும் குட்டியையும் பார்த்த இடத்தில் அதற்குள் மூன்று விசைப்படகுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. எல்லோர் கையிலும் போன். “நாங்களும் விலங்குப் பிரியர்கள்தாங்க!” என்று ஒருவர் சிரித்தபடி கையசைத்தார். அவர் படகுக்குப் பின்னால் தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு. முதுகில் வெட்டுக்காயத்தோடு தாய் மேலே வந்தது. தனியாக!



“இஞ்சின நிப்பாட்டுங்கய்யா! குட்டி மூச்சு வாங்க மேல வந்தா இஞ்சின் காத்தாடியில அடிபட்டுச் செத்துரும்!” முனியசாமி தன் படகைக் குறுக்கே விட்டார். இஞ்சின்கள் அடங்கின. சிரித்த மனிதர் சிவப்புக் கோட்டை அப்போதுதான் பார்த்தார். அவர் கை தானாகத் தாழ்ந்தது.

“ட்ரோன ஏத்து. நல்லா உயரத்துல, சத்தம் கீழ கேக்காம,” என்றான் அமல்.

“நான் தொட மாட்டேன்டா!”

“குட்டிய வேற எப்படித் தேடுறது?”

பெனாசிர் ட்ரோனை ஏற்றினாள். பேட்டரி குறைந்துகொண்டே வந்தது. வடக்கே ஒன்றுமில்லை. கிழக்கே... நண்டு வலைக்குள் ஏதோ துடிக்கிறது!

“இடது பக்கம், அண்ணே! இன்னும் கொஞ்சம்... அங்கதான்!”

முனியசாமி கழியை ஊன்றித் தள்ளினார். அமல் கத்தியோடு குதித்தான். ஓர் இழை, இன்னோர் இழை... வலை அறுந்தது! குட்டி மேலே வந்து, ‘புஸ்’ஸென்று மூச்சை விட்டது. தாய் நீந்தி வந்து அதை உரசிக்கொண்டது. இரண்டும் ஆழத்துக்குள் மறைந்தன.

பெனாசிர் வீடியோவை நீக்கினாள். கரை திரும்பியதும் வனத்துறை அதிகாரியிடம் ட்ரோன் பதிவை நேரில் கொடுத்து, தன் தவறையும் தாயின் காயத்தையும் சொன்னாள்.

வெளியே வந்ததும் ஊர்க்கூட்டம் சூழ்ந்தது.

“பாத்தீங்களாமே! குட்டியும் இருந்துச்சாமே!”

“பாத்தோம். ரெண்டும் உசுரோட இருக்கு.”

“எந்தப் பக்கம்?”

பெனாசிர் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

“கடல்லதான்,” என்றாள்.