குறுக்குக் காற்று

புத்தகத்தின் பக்கம் தானாகப் புரண்டது. டுன்யா விரலால் அதைத் திருப்பி வைத்துவிட்டு மேலே படித்தாள். மறுபடியும் புரண்டது. ஜனவரி மாதச் சாயங்காலம், வெளியே பனி, வீட்டில் ஹீட்டர் கொதித்துக்கொண்டிருக்கிறது; அப்படியிருக்க, கதவிடுக்கு வழியாக ஈரமும் கருகிய முட்டைக்கோஸும் கலந்த வாடையோடு சில்லென்று ஒரு காற்று வந்து அவள் கணுக்காலைத் தொட்டுப் போனது.

அந்த வீட்டில் காற்றாவது, வருவதாவது! அவள் அம்மா ஸ்லாவிட்சாவுக்கு உலகத்திலுள்ள நோயெல்லாம், எதிரெதிரே திறந்த ஜன்னல் கதவுகளுக்கு நடுவே வீசும் குறுக்குக் காற்றால் வருவதுதான். கழுத்து வலி, பல்வலி, போன வருஷம் அத்தைக்கு வாய் கோணிப்போனது, எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். பெல்கிரேடில் பாதிப் பேர் அப்படித்தான் என்றாலும், ஆகஸ்ட் வெயிலில் பஸ்ஸில் முன்பின் தெரியாதவரின் ஜன்னலைக்கூட எழுந்துபோய்ச் சாத்துகிறவள் அவள் ஒருத்திதான்.

டுன்யா போர்வையை இழுத்துக்கொண்டு கதைக்குள் திரும்பினாள். என்ன கதை! அவள் வயதுப் பெண் ஒருத்தி, சோளக்காட்டில் இறங்கும் விண்கலம், மனிதர்களின் உடம்புக்குள் ஓசையில்லாமல் குடியேறும் வேற்றுக்கிரகவாசிகள். அவர்களுக்கு நம் நினைவுகளைத் திருடத் தெரியும், பயங்களைத் திருடத் தெரியாது. அந்த வரியை டுன்யா திரும்பத் திரும்பப் படித்து ரசித்தாள்.

அரை மணி முன்னால் இந்தப் புத்தகத்தால்தான் சண்டை. "அந்தக் குப்பைய அடுப்புல போட்டுக் கொளுத்துறேன் பாரு!" என்று அம்மா கத்த, "உனக்குப் பதிலா அவங்க வந்தாகூட நிம்மதியா இருப்பேன்" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். அம்மா குளிக்கப் போய்விட்டாள். தான் சொன்ன அந்த வார்த்தை டுன்யாவுக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

எங்கோ திரைச்சீலை படபடத்தது. கூடவே சொட்டுச் சொட்டாக ஏதோ தரையில் விழும் சத்தம். அவள் புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ஜன்னல் திறந்திருந்தது. எதிரே பால்கனிக் கதவும் திறந்திருந்தது. அடுப்பில் முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிய சார்மா அடிப்பிடித்துப் புகைந்தது. ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில், ஸ்டூல் போட்டு, அம்மா உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய ஈரம். முடி நுனிகள் உறைந்து விறைத்திருந்தன.

"அம்மா... ஜன்னல்..."

"ஜன்னலுக்கு என்ன?"

"உன் தலை ஈரமா இருக்கு."

"ஆமா. குளிச்சேன்."

அம்மா சிரித்தாள். சண்டை போட்ட நாளில் அவள் சிரித்ததே கிடையாது.

டுன்யா வெளியே பார்த்தாள். எதிர்க் கட்டிடத்திலும் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. பனிக்குள் திரைச்சீலைகள் ஆடின.

கதையில் வரும் பெண்ணாக இருந்தால் சும்மா இருந்திருப்பாளோ என்னவோ. இவளுக்குப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"எங்கம்மா ரெண்டு பக்கமும் தொறக்கவே மாட்டா! ஈரத்தலையோட காத்துல நின்னா செத்துடுவோம்னு கத்துவா. துண்டு கட்டுவா. நீ யாரு?"

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். கவனமாக.

"அப்படியா? வேற என்ன சொல்லுவா?"

எழுந்தாள். பால்கனிக் கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். துண்டை எடுத்துத் தலையில் சுற்றினாள்.

எதிரே ஜன்னல்கள் சாத்தப்பட்டன. எல்லாம். ஒரே சத்தத்தில்.

வாசல் கதவு திறந்தது. அப்பா ராடோயே பூட்ஸிலிருந்த பனியை உதறினார்.

"கதவைச் சாத்துய்யா! காத்து அடிக்குது, புள்ளைக்குக் கழுத்துப் பிடிச்சுக்கும்!"

அம்மாவின் குரலேதான். அதே எரிச்சல்.

"பாத்தியா உங்கம்மாவ? செத்தாலும் மாற மாட்டா" என்று அப்பா சிரித்தார்.

"அப்பா, இது அம்மா இல்லப்பா!"

அவர் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "அத மூடி வச்சிட்டு சாப்பிட வாடி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

குழாய்த் தண்ணீர் ஓடியது. டுன்யாவால் நகர முடியவில்லை. அம்மா வேண்டும். கத்துகிற, புத்தகத்தைக் கொளுத்த வருகிற அந்த அம்மா வேண்டும்.

பின்கழுத்தில் ஒரு கை. ஐஸ்.

துண்டிலிருந்து ஒரு சொட்டு திறந்த பக்கத்தில் விழுந்தது.

"சரியா சொன்னேனா?" என்று அது காதோரம் கேட்டது.

எதிர்க் கட்டிடத்தின் ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும், தலையில் துண்டு கட்டிய ஒருத்தி நின்று, டுன்யாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.